கொம்போஸ்தேலா சான்றிதழ்: 100 கிலோமீட்டர் நடந்ததாகக் கணக்கில் ஏற என்ன செய்ய வேண்டும்?

வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ பாதயாத்திரை போய்ச் சேருகிறவரிடம் "எங்கிருந்து நடந்தீர்கள், அதற்கு என்ன அத்தாட்சி?" என்று யாரும் கேட்பதில்லை. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா மாநிலத்தில் இருக்கும் சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் கேட்கிறார்கள். இயேசுவின் சீடரான புனித சந்தியாகப்பரின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. அந்தப் பேராலயத்துக்கு நடந்து வருகிறவர்களுக்குப் பேராலய நிர்வாகமே லத்தீனில் ஒரு சான்றிதழ் தருகிறது. அதன் பெயரும் கொம்போஸ்தேலாதான். 2024-இல் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் அதை வாங்கியிருக்கிறார்கள்.

நிபந்தனை கேட்பதற்கு எளிது. நடந்தோ குதிரையிலோ வந்தால் கடைசி 100 கிலோமீட்டர். சைக்கிளில் வந்தால் கடைசி 200 கிலோமீட்டர். வழிநெடுக யாத்திரை அட்டையில் ஒரு நாளைக்கு இரண்டு சீல். பயணத்தின் நோக்கம் சமய நோக்கமாகவோ ஆன்மிகத் தேடலாகவோ இருக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் தடுமாறுகிற இடங்கள் சில உண்டு. எல்லாமே "அந்த 100 கிலோமீட்டரை யார், எப்படி அளக்கிறார்கள்" என்பது சரியாகப் புரியாததால் வருபவை.

முதலில், 100 என்பது எந்த 100?

உங்கள் கைக்கடிகாரம் காட்டும் கிலோமீட்டருக்கு அங்கே மதிப்பில்லை. செல்போன் செயலியில் 130 காட்டுகிறது என்று நீட்டினாலும் பார்க்க மாட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட பாதை ஒன்றில், எந்த ஊரிலிருந்து நடக்கத் தொடங்கினீர்கள் என்று உங்கள் அட்டையின் முதல் சீல் சொல்கிறதோ, அந்த ஊருக்கும் சந்தியாகோவுக்கும் உள்ள பாதைத் தூரம்தான் கணக்கு. அறைக்கும் கடைக்கும் நடந்தது, வழிதவறிச் சுற்றியது, ஊர் பார்க்கத் திரிந்தது எதுவும் சேராது.

அந்த 100 சந்தியாகோவில் போய் முடிய வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். பிரான்ஸ் எல்லையில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் நடந்துவிட்டு, நேரமில்லை என்று கடைசிப் பகுதியை மட்டும் பேருந்தில் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நடந்தது எவ்வளவு அதிகமானாலும் கொம்போஸ்தேலா கிடைக்காது. விடுமுறை குறைவாக இருந்தால் முன்பகுதியை வெட்டுங்கள், பின்பகுதியைத் தொடாதீர்கள்.

தொடங்கும் ஊரைத் தேர்ந்தெடுப்பது

மொத்தத் திட்டத்தில் இதுதான் முக்கியமான முடிவு. சந்தியாகோவுக்கு ஒரே பாதை என்பதில்லை. பல திசைகளிலிருந்து பாதைகள் வந்து சேருகின்றன. ஒவ்வொன்றிலும் 100 கிலோமீட்டர் எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு தொடக்க ஊர் இருக்கிறது.

அதிகம் பேர் நடப்பது பிரெஞ்சுப் பாதை. இதில் எல்லாரும் தொடங்கும் ஊர் சார்ரியா, சந்தியாகோவிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர். ரயில் நிலையம் உண்டு. லூகோ நகரிலிருந்து பேருந்தும் வருகிறது. அடுத்த பெரிய ஊரான போர்த்தொமரின் அழகான இடம்தான், ஆனால் அங்கிருந்து தூரம் 100-க்குக் குறைவு. "ஒரு நாள் மிச்சம்" என்று அங்கே தொடங்கினால் சான்றிதழ் போய்விடும்.

போர்த்துகீசியப் பாதையில் துய், சுமார் 115 முதல் 120 கிலோமீட்டர். மின்யோ ஆற்றின் இக்கரையில் ஸ்பெயினின் துய், அக்கரையில் போர்ச்சுகலின் வலென்சா. போர்த்தோ விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் ரயிலில் வலென்சா வந்து, இரும்புப் பாலத்தை நடந்தே கடந்து துய் போய்விடலாம். பாலத்தைக் கடந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள மறக்காதீர்கள்; கடை அடைக்கும் நேரத்தில் போய் நிற்பீர்கள். கடலோரக் கிளையில் வருகிறவர்களுக்கு வீகோ நகரம் தொடக்க ஊர். தூரம் 100-ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

ஆங்கிலேயப் பாதையில் ஃபெரோல் துறைமுகத்திலிருந்து தொடங்கினால் 110-க்கு மேல். இதே பாதைக்கு ஆ கொருன்யாவிலிருந்தும் ஒரு கிளை உண்டு, அது சுமார் 75 கிலோமீட்டர்தான். சொந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட யாத்திரைப் பாதையில் 25 கிலோமீட்டர் நடந்து சீல் வாங்கி வருகிறவர்களுக்காக அதில் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்; அயர்லாந்துக்காரர்கள் அதைப் பயன்படுத்துவது வழக்கம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேராகப் போகிறவர் ஃபெரோலைப் பிடிப்பதே நல்லது.

மற்றவை: ஆதிப் பாதையில் லூகோ, ஏறக்குறைய 100, வடக்குப் பாதையில் வில்யால்பா, சுமார் 120, அல்லது 100-ஐ ஒட்டிய பாமோந்தே, தெற்கிலிருந்து வரும் பாதையில் ஊரென்சே, 100-க்குச் சற்று மேல். மாட்ரிட்டிலிருந்து ஊரென்சேக்கு அதிவேக ரயில் இருப்பதால் போவது சுலபம். சைக்கிள்காரர்கள் பிரெஞ்சுப் பாதையில் பொன்பெர்ராதாவிலிருந்தும், போர்த்துகீசியப் பாதையில் போர்த்தோவிலிருந்தும் தொடங்கினால் 200 தாண்டிவிடும்.

என் ஆலோசனை, 100-ஐ உரசிக்கொண்டு நிற்கும் ஊரைத் தவிர்த்துவிடுங்கள். லூகோவும் வீகோவும் பட்டியலில் இருப்பவைதான், வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். ஆனால் நகரத்தின் எந்த மூலையில் தங்கினீர்கள், முதல் சீலை எங்கே குத்தினீர்கள் என்ற யோசனையெல்லாம் தேவையில்லாத தலைவலி. 110-க்கு மேல் வைத்துக்கொண்டால் நிம்மதி. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இன்னொன்று: சார்ரியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள், பாதை திருவிழாக் கடைவீதி மாதிரி ஆகிவிடும். கூட்டம் பிடிக்காதவர்கள் துய் அல்லது ஃபெரோல் பார்க்கலாம். தனியாகப் போகிறவர்கள், முதல்முறை வெளிநாடு போகிறவர்கள், பெண்கள் மட்டும் போகும் குழு என்றால் சார்ரியாவே வசதி. எப்போதும் கண்ணெட்டும் தூரத்தில் யாராவது நடந்துகொண்டிருப்பார்கள்; நாலு எட்டில் ஒரு காபிக்கடை இருக்கும்.

புனித ஆண்டுகளில் எல்லாப் பாதையிலும் நெரிசல்தான். சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொண்டாடுவார்கள். அடுத்தது 2027. அந்த ஆண்டில் போவதாக இருந்தால் தங்குமிடத்தை ரொம்ப முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

யாத்திரை அட்டை

கிரெதென்சியால் என்று கேட்டு வாங்க வேண்டும். விசிறி மாதிரி மடித்து விரிக்கும் கெட்டி அட்டை. உள்ளே கட்டம் கட்டமாகக் காலியிடம். தொடங்கும் ஊரின் ஆலயத்திலோ யாத்திரிகர் விடுதியிலோ சில யூரோவுக்குக் கிடைக்கும். சார்ரியாவில் மக்தலேனா மடத்தில் வாங்கலாம். ஞாயிறு மாலையோ விடுமுறை நாளிலோ போய்ச் சேருகிறவர்கள் மட்டும் தங்கும் விடுதியில் கிடைக்குமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அட்டை இல்லாமல் நடந்த முதல் நாள் கணக்கில் ஏறாது. பேராலயம் ஏற்கும் அட்டைதானா என்பதையும் பாருங்கள். நினைவுப்பொருள் கடைகளில் அழகழகாகக் குறிப்பேடுகள் விற்கும், அவை அலங்காரத்துக்கு.

அட்டையின் முதல் பக்கத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், தொடங்கும் ஊர், தேதி, நடையா சைக்கிளா என்பதை நிரப்புங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே எழுதுங்கள். நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் கடைசிப் பெயராக வந்து நிற்கும். பரவாயில்லை, இங்கே ஒரு மாதிரி அங்கே ஒரு மாதிரி இல்லாமல் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

சீல் குத்துவது

சீல் வாங்க அலைய வேண்டியதில்லை. ஆலயம், விடுதி, காபிக்கடை, சில இடங்களில் மளிகைக்கடையில்கூட இருக்கும். பெரும்பாலான காபிக்கடைகளில் கல்லா ஓரமாக மைப்பெட்டியும் சீலும் நூலில் கட்டித் தொங்கும். காபி போடுகிறவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார், தாடையால் அந்தப் பக்கம் காட்டுவார். நீங்களே குத்திக்கொள்ள வேண்டியதுதான். சீல் மட்டும் போதாது, பக்கத்தில் தேதி வேண்டும். விடுதியில் அவர்களே எழுதிவிடுவார்கள். நீங்களாகக் குத்தும் இடத்தில்தான் மறந்துபோகும். அட்டையோடு ஒரு பேனாவை ரப்பர் பேண்டில் மாட்டி வையுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு என்பதற்குச் சுலபமான ஏற்பாடு இது: முற்பகலில் முதல் காபிக்கு நிற்கும் இடத்தில் ஒன்று, சாயங்காலம் தங்கும் விடுதியில் ஒன்று. இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம். கவனம் வேண்டிய இடம் இரண்டுதான். முதலாவது, தொடங்கும் ஊரின் சீல். அதுதான் நீங்கள் 100-க்கு அப்பால் தொடங்கினீர்கள் என்பதற்கு ஆதாரம். முந்தின நாள் இரவு அங்கே தங்கியிருந்தால் விடுதிச் சீல் போதும். காலை ரயிலில் இறங்கி நேராக நடக்கத் தொடங்குகிறவர்கள்தான் தவறவிடுவார்கள். இரண்டாவது, கடைசி நாள். சந்தியாகோவைப் பார்க்கும் அவசரத்தில் நிற்காமல் போய்விடுவோம். வழியில் மோந்தே தோ கோசோ குன்றுக்கு முன்பாகவே இரண்டையும் முடித்துவிடுங்கள்.

நாளைக்குப் பத்துச் சீல் குத்தி அட்டையை நிரப்புகிறவர்களும் உண்டு. ஆசைக்குக் குத்தலாம், தப்பில்லை. கடைசி நாளுக்குக் கட்டம் மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

சார்ரியாவிலிருந்து நாள் பிரிப்பது

வழக்கமான ஐந்து நாள் கணக்கு இப்படி. சார்ரியாவிலிருந்து போர்த்தொமரின் 22 கிலோமீட்டர். அங்கிருந்து பாலாஸ் தே ரெய் 25. பாலாஸிலிருந்து அர்சுவா 29. அர்சுவாவிலிருந்து ஓ பெத்ரோசோ 19. கடைசியாகச் சந்தியாகோ 20.

மூன்றாம் நாளைப் பாருங்கள். ஏற்கெனவே கால் கொப்பளித்திருக்கும் நேரத்தில் 29 கிலோமீட்டர், அதுவும் ஓடைகளுக்கு இறங்கி இறங்கி ஏறும் பாதை. லீவு இருந்தால் அதை மெலிதேயில் உடைத்து ஆறு நாளாக்குங்கள். பாலாஸிலிருந்து மெலிதே 15 கிலோமீட்டர்தான், மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். அவித்த ஆக்டோபஸுக்குப் பேர்போன ஊர் அது: மரத்தட்டில் துண்டு துண்டாக நறுக்கி, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். காரத்தை எதிர்பார்க்காதீர்கள், நிறத்துக்குத்தான் அது.

சைவக்காரர்களுக்குச் சாப்பாடு கொஞ்சம் சிரமம். காய்கறிச் சூப் என்று வருவதில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்டு கனமாகச் சுடும் ஆம்லெட் எல்லாக் கடையிலும் கிடைக்கும். முட்டையும் வேண்டாம் என்பவர்கள் ரொட்டி, தக்காளி, வறுத்த பச்சைமிளகாய், அர்சுவாப் பக்கத்து மென்மையான பாலாடைக்கட்டி என்று ஓட்டலாம். சாப்பாட்டு நேரமும் வேறு: மதியச் சமையல் 4 மணியோடு மூடிவிடும், இரவுச் சாப்பாடு 8-க்கு மேல்தான்.

தூரம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டுக்கொண்டே நடக்க வேண்டாம். கலீசியாவில் பாதையோரம் சிப்பி பொறித்த கல் நட்டு, சந்தியாகோவுக்கு மீதித் தூரத்தை மீட்டர் வரைக்கும் துல்லியமாக எழுதியிருக்கிறார்கள். சார்ரியாவிலிருந்து நடக்கும் முதல் நாளில், ஃபெர்ரேய்ரோஸ் ஊரை ஒட்டி, 100 என்ற கல் வரும். உடம்பெல்லாம் கையெழுத்தும் கிறுக்கலுமாக இருக்கும், பக்கத்தில் படம் எடுக்க வரிசை நிற்கும். நீங்கள் அந்தக் கல்லுக்கு முன்னாலேயே தொடங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். கல் இல்லாத இடங்களில் மஞ்சள் அம்புக்குறி. ஓ செப்ரேய்ரோ மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வலின்யா 1980-களில் பெயிண்ட் டப்பாவோடு கிளம்பிப் போட ஆரம்பித்த அம்புகள் அவை. இப்போது எல்லாப் பாதையிலும் அவைதான் வழிகாட்டி.

முதல் நாள் முடிவில் போர்த்தொமரினுக்குள் நுழைய நீண்ட பாலம், அதைத் தாண்டியதும் செங்குத்தான கல் படிக்கட்டு. மூட்டு வலிக்காரர்கள் படியை விட்டுச் சாலை வழியாகச் சுற்றிப் போகலாம். பழைய ஊர் அணைநீரில் மூழ்கிப்போனது. 1960-களில் அதன் ஆலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து மேலே கொண்டுவந்து அடுக்கினார்கள். சுவரை உற்றுப் பார்த்தால் கற்களில் அப்போது போட்ட எண்கள் இன்னும் தெரியும். அந்த ஊர் சீலை அந்த ஆலயத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

எது கணக்கைக் கெடுக்கும், எது கெடுக்காது

பையை வண்டியில் அனுப்புவது கெடுக்காது. காலையில் விடுதியில் வைத்துவிட்டால் அடுத்த விடுதிக்கு எடுத்துப்போய்ச் சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஸ்பெயின் அஞ்சல்துறையே அதைச் செய்கிறது. "பையைச் சுமந்தால்தான் யாத்திரை" என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். விதியில் அப்படி எதுவும் இல்லை, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தயங்காமல் அனுப்புங்கள். ஒன்று மட்டும், அரசு நடத்தும் விடுதிகளில் இந்தப் பைகளை வாங்கி வைக்க மாட்டார்கள்; தனியார் விடுதியில் பதிவு செய்திருக்க வேண்டும்.

டாக்சி கெடுக்கும், இரண்டு கிலோமீட்டர் என்றாலும். கால் தாங்கவில்லை என்றால் அன்றைக்கு நடையை அங்கேயே நிறுத்தி, டாக்சியில் விடுதிக்குப் போய்த் தூங்கி, மறுநாள் அதே டாக்சியில் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்து தொடருங்கள். பாதை அறுபடாது.

இடையில் ஓய்வு நாள் எடுப்பதும், இரண்டு பயணமாகப் பிரித்து நடப்பதும் செல்லும். ஒரே பாதையாக, ஊர் வரிசை மாறாமல், விட்ட இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். விட்ட இடத்தில் ஒரு சீல், மறுபடி தொடங்கும்போது அதே இடத்தில் புதுத் தேதியோடு இன்னொரு சீல்.

போர்த்துகீசியப் பாதையில் ஒரு கிளையில் படகுப் பயணம் வரும், அழகான பயணம். படகில் ஏறும் எண்ணம் இருந்தால் துய்க்கு இன்னும் தெற்கே, போந்தே தே லிமாவிலிருந்தோ போர்த்தோவிலிருந்தோ தொடங்குங்கள். படகில் போன தூரத்தைக் கழித்தாலும் 100 தாராளமாக மிஞ்சும்.

விசா, மழை, செருப்பு

இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டோடு. விசாவுக்கு ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். அரசு விடுதிகளில் முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவர்களுக்குத்தான் இடம். அதனால் தனியார் விடுதியில் பதிவு செய்துகொண்டு போவதே வழி.

கலீசியாவில் ஜூனிலும் மழை பெய்யும். பையோடு சேர்த்து மூடும் மழைக்கோட்டு வேண்டும். ஷூ அரை அளவு பெரிதாக, ஊரிலேயே ஒரு மாதமாவது நடந்து பழகியதாக இருக்கட்டும். நடந்து முடித்த சாயங்காலத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பயிற்சிக்கு ஒரே நாளில் 25 கிலோமீட்டர் நடந்து பார்ப்பதைவிட, அடுத்தடுத்து மூன்று நாள் 15 நடப்பது பிரயோஜனம். இரண்டாம் நாள் காலையில் கால் என்ன சொல்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

சந்தியாகோவில்

யாத்திரிகர் வரவேற்பு அலுவலகம் பேராலயத்துக்குச் சற்றுக் கீழே, கர்ரேத்தாஸ் தெருவில் இருக்கிறது. பெயர், நாடு, தொடங்கிய ஊர், நோக்கம் எல்லாவற்றையும் இணையத்திலேயே பதிவு செய்துவிடலாம். முந்தின நாள் ராத்திரி விடுதியில் உட்கார்ந்து முடித்துவிட்டால் மறுநாள் வரிசையில் நேரம் மிச்சம். அங்கே எண் சீட்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும்.

உங்கள் முறை வந்ததும் அட்டையை மேசையில் முழுக்க விரிப்பார்கள். விரலை முதல் சீலில் வைத்துத் தேதி தேதியாக நகர்த்திக்கொண்டே வருவார்கள். எங்கிருந்து தொடங்கினீர்கள், நடந்தீர்களா என்று சிலர் கேட்பார்கள், சிலர் கேட்க மாட்டார்கள். ஒரு நாளில் ஒரே சீல் இருந்தால் அந்த இடத்தில் விரல் நிற்கும். அப்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இரண்டு சீலோடு போவது எவ்வளவோ மேல்.

நோக்கத்தில் "சமயம்" அல்லது "ஆன்மிகம்" என்று குறித்தால் லத்தீன் கொம்போஸ்தேலா. கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதில்லை. அதெல்லாம் இல்லை, சுற்றிப் பார்க்கவும் நடக்கவும்தான் வந்தேன் என்றால் வேறொரு வரவேற்புச் சான்றிதழ் தருவார்கள். உண்மையைச் சொல்வதில் நஷ்டமில்லை. கொம்போஸ்தேலாவில் உங்கள் பெயரை லத்தீன் வடிவில் எழுதுவார்கள், அந்தோணி அந்தோனியுஸ் ஆகிவிடுவார். இறந்துபோனவருக்காகவோ நடக்க முடியாத நோயாளிக்காகவோ நடந்து வந்திருந்தால், எழுதுவதற்கு முன்பே சொல்லுங்கள். அவர் பொருட்டு நடந்ததாக அவர் பெயரையும் சேர்த்து எழுதித் தருவார்கள்.

கொம்போஸ்தேலாவுக்குக் கட்டணம் இல்லை. எங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிய தூரச் சான்றிதழ் தனி. அதற்குச் சில யூரோ. அட்டைக் குழாயும் அங்கேயே விற்கிறார்கள். ஊர் திரும்பும் வரை மடங்காமல் இருக்க வேண்டுமென்றால் வாங்கிவிடுங்கள்.

மதியம் 12 மணிக்கு யாத்திரிகர் திருப்பலி. பெரிய பையோடு பேராலயத்துக்குள் விட மாட்டார்கள், பக்கத்தில் காசு வாங்கிக்கொண்டு பை வைத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. ஓ பெத்ரோசோவிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, 12 மணிப் பூசையைப் பிடித்து, அன்றைக்கே சான்றிதழும் வாங்க நினைப்பவர்கள்தான் அதிகம். கோடையில் அது ஓட்டம் ஆகிவிடும். முதலில் பூசைக்குப் போங்கள். அலுவலகத்தில் பிற்பகலிலும் தருவார்கள், அடுத்த நாள் காலையிலும் தருவார்கள்.